மண்டபம் வடக்கே, சதுக்கம் தெற்கே

திருவனந்தபுரத்தில் டவுன் ஹால் எங்கே என்று கேட்டால் பாளையத்துக்கு வழி சொல்வார்கள். 1896-இல் திறக்கப்பட்ட விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் அங்கே எம்.ஜி. ரோட்டோரம் நிற்கிறது. நெடுங்காலம் ஊர் வாயில் ‘வி.ஜே.டி. ஹால்’, 2019 முதல் அய்யன்காளி ஹால். அதன் முன்னால் சதுக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாசலைத் தாண்டினால் வண்டிகள் ஓயாத ரோடு. ஊர் கூடும் வெளி எது என்று கேட்டாலோ, அதே ரோட்டில் தெற்கே இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிப் போகச் சொல்வார்கள். அங்கே கிழக்கே கோட்டை; அதன் எதிரே சாலைக் கடைத்தெரு. உள்ளூர் மலையாளத்தில் சாலக் கம்போளம்.

மண்டபமும் சந்தையும் இப்படிப் பிரிந்து கிடப்பது தற்செயல் அல்ல. இந்த நகரத்தில் யார் எதைக் கட்டினார்கள், யாருக்காகக் கட்டினார்கள் என்பதன் விளைவு அது.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த நகர மண்டபம் ஒரு பக்கம். சுற்றிலும் வணிகர், கைவினைஞர் சங்கங்களின் மாளிகைகள். 1695-இல் பிரெஞ்சுப் படையின் பீரங்கிகள் அந்தச் சதுக்கத்தை நொறுக்கின. சங்கங்கள் தம் பணத்தைப் போட்டுச் சில ஆண்டுகளிலேயே அதைத் திரும்ப எழுப்பிவிட்டன. அங்கே ஊரை ஆள்வதும் சரக்கு விற்பதும் ஒரே முற்றத்தில் நடந்தன. நம் பக்கத்தில் பம்பாயில் இதன் சாயலைக் காணலாம். 1833-இல் முடிந்த டவுன் ஹாலின் முன்னால் இருந்த திடலில் பருத்தி வியாபாரம் நடந்தது. அந்தத் திடல்தான் பின்னால் எல்பின்ஸ்டன் சர்க்கிளாகி, இன்று ஹார்னிமன் சர்க்கிள் ஆகியிருக்கிறது. இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரத்தின் புகார் நகரம் இருக்கிறது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி. பூத சதுக்கமும் உண்டு. கடலோர வணிகர் ஒருபுறம், அரசனும் அவனைச் சார்ந்தோரும் மறுபுறம், நடுவில் கடைகள். சாலையின் இடஅமைப்பைப் புரிந்துகொள்ளப் பிரஸ்ஸல்ஸைவிட எனக்குப் புகார்தான் உதவுகிறது.

சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியவர் ராஜா கேசவதாஸ். விளவங்கோட்டுப் பக்கம், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். இளமையில் போக்குமூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ‘தர்மராஜா’ என்று பெயர்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் அரண்மனைச் சேவகத்துக்கு வந்து, படிப்படியாக ஏறி, 1789-இல் திருவிதாங்கூரின் திவான் ஆனார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவர்தான். கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்த ஒருவர் திவானாகும்போது என்ன செய்வார் என்பதற்கு இந்த இரண்டுமே சாட்சி. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய 1790-களில், அரண்மனையோடு அலுவலரும் படையும் ஊழியரும் வந்து குவிந்தார்கள். அத்தனை வாய்க்கும் அரிசி வேண்டும். அரிசி விளைந்தது நாஞ்சில் நாட்டில். அங்கிருந்து மாட்டு வண்டிகள் பத்மநாபபுரம், குழித்துறை, நெய்யாற்றங்கரை வழியாக வந்து, கரமனை ஆற்றைக் கடந்து, கிள்ளியாற்றையும் தாண்டினால் நேராகக் கோட்டையின் கிழக்கு வாயில். அந்தக் கடைசி நீட்டில்தான், கிள்ளிப்பாலத்துக்கும் கிழக்கே கோட்டைக்கும் நடுவே, கேசவதாஸ் கடைத்தெருவை அமைத்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டி நாட்டுச் சரக்கு வந்து சேர்ந்ததும் இதே தடத்தில்தான். 1820-களில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு வடக்கேயிருந்து வள்ளங்களை வள்ளக்கடவு வரை கொண்டுவந்தது. ரயில் இந்த ஊருக்கு 1918-இல் வந்தாலும் முதலில் சாக்கையோடு நின்றுவிட்டது. தம்பானூருக்கு, அதாவது சாலையின் தலைமாட்டுக்கு, வந்து சேர்ந்தது 1931-இல். அதற்குள் சாலை நன்றாகவே வேரூன்றிவிட்டது.

‘சாலை’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் காந்தளூர்ச் சாலையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் அந்தச் சாலை, கடைத்தெருவுக்கு அடுத்திருக்கும் வலியசாலைக் கோயிலைச் சார்ந்தது என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவபுரத்தில் 95 மாணவருக்காக ஏற்படுத்திய சாலையும் காந்தளூர் ஒழுங்கைப் பின்பற்றியே நடக்க வேண்டும் என்று 866-ஆம் ஆண்டுச் செப்பேடு விதிக்கிறது. பழம்பெருமைதான். ஆனால் அந்தக் கல்விச் சாலைக்கும் கேசவதாஸின் கடைத்தெருவுக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு இடைவெளி. பெயரில் தொடர்ச்சி இருக்கலாம், வியாபாரத்தில் இல்லை. இரண்டையும் ஒட்டவைத்துப் பேசுவது மேடைக்கு ஆகும், வரலாற்றுக்கு ஆகாது.

இனி சதுக்கம். கிழக்கே கோட்டையைச் சதுக்கமாக யாரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. மார்த்தாண்ட வர்மா காலத்துக் கோட்டை வாயில் ஒன்று, அதற்குள் பத்மநாப சுவாமி கோயிலின் கோபுரமும் பத்மதீர்த்தக் குளமும். வாயிலுக்கு வெளியே புத்தரிக்கண்டம்: கோயிலின் நிறபுத்தரிச் சடங்குக்கு நெல் விளைந்த வயல், இப்போது மைதானம். பக்கத்தில் காந்தி பூங்கா. எதிரே சாலையின் வாய். இவற்றுக்கு நடுவே எஞ்சிய வெளியில் நகரப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. கட்சிக் கூட்டங்களும் பொருட்காட்சிகளும் மைதானத்தில் நடக்கின்றன. ஐரோப்பிய ஊர்களில் நகர மண்டபத்துக் கோபுரத்தில் இருக்கும் கடிகாரம்கூட இங்கே குளக்கரையில்தான் இருக்கிறது. பத்மதீர்த்தத்தை நோக்கிய அரண்மனைக் கட்டடத்தின் முகப்பில் தாடி வைத்த ஒரு முகம். இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது வாய் திறக்கும், கடாக்கள் கன்னத்தில் முட்டும். மேத்தன் மணி என்று பெயர். ஊருக்கு நேரம் சொன்னது அரண்மனை. ஊர் அதைப் பார்த்து நின்றது தெருவில்.

தெருவுக்குள் நுழைந்தால் பிரதான வீதியைவிடக் கிளைச் சந்துகளே சுவாரசியம். கொத்துவால் தெரு, சபாபதி கோயில் தெரு என்று பெயர்களே பழைய குடியேற்றத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு பக்கம் வெற்றிலைக் கட்டும் வாழைக்குலையும். ஒரு பக்கம் பித்தளை விளக்கு, உருளி. கருப்பட்டியும் புளியும் ஓலைப்பாயில் சிப்பமாக. அடுத்தாற்போல் பிளாஸ்டிக் குடம். தோவாளைப் பூ விடிவதற்குள் வந்து இறங்கியிருக்கும். ஓணத்தை ஒட்டிய பத்து நாளும் அந்தப் பூவின் விலைதான் தெருவின் பேச்சு. கல்லாவில் இருப்பவர் ஒருவரிடம் “என்ன வேணும் அண்ணாச்சி?” என்பார். அடுத்து நிற்பவரிடம் “எந்து வேணம் சேட்டா?” நடுவில் மூச்சு விடமாட்டார். கொச்சுள்ளி, ஏத்தங்காய், மரச்சீனி ஆகியவை எந்த மொழிக் கணக்கில் சேரும் என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள் ஒவ்வொரு வட்டத்துக்கும் தொழிற்சங்க வாரியாகப் பிரிந்திருப்பார்கள். 1978-ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குக் கூலியும் நலநிதியும் உறுதி செய்தது. சுமக்காமலே பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் ‘நோக்குக்கூலி’யை 2018-இல் அரசே தடைசெய்ய வேண்டியும் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் சாலையின் உழைப்பைச் சொல்ல முடியாது.

இப்போது வடக்கே போவோம். போகும் வழியில் தலைமைச் செயலகம். மன்னர் ஆயில்யம் திருநாள் காலத்தில், டி. மாதவராவ் திவானாக இருந்தபோது 1865-இல் அடிக்கல் நாட்டி 1869-இல் முடிந்த ‘ஹஜூர் கச்சேரி’ அது. எதிரே நிற்கும் மாதவராவின் சிலையால்தான் அந்தச் சந்திப்புக்கு ஸ்டாச்சு என்று பெயர். கும்பகோணத்துக்காரர் அவர். அதே கும்பகோணத்தில் பிறந்த இன்னொரு திவானான வி.பி. மாதவராவ்தான் டவுன் ஹாலின் கதையில் வருகிறவர். இருவரையும் குழப்பிக்கொள்ளும் எழுத்துகள் நிறைய.

டவுன் ஹாலைக் கட்டியது மூலம் திருநாள் ராமவர்மாவின் அரசு. விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா நினைவு என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. பொன்விழா நடந்தது 1887-இல், கட்டடம் திறந்தது 1896-இல். ஐரோப்பிய பாணி முகப்பும் வளைவுகளும், உள்ளே பெரிய ஒற்றைக் கூடமும். கடைத்தெருவின் பணமோ வணிகர் சங்கத்தின் முனைப்போ அதை எழுப்பவில்லை. அரண்மனை, பேரரசுக்குக் காட்டிய மரியாதை அது. ஆகவே அது படைப் பாசறையும் கல்லூரியும் செயலகமும் இருந்த மேட்டுப் பகுதியில் அமைந்ததில் வியப்பில்லை. பக்கத்தில் கன்னிமாரா சந்தை இருக்கிறதே என்று கேட்கலாம். சென்னை ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயர் தாங்கிய அந்தச் சந்தையும் அதே காலத்து, அதே மனப்போக்கின் விளைவு. நகரத்தின் மளிகை மொத்த வியாபாரம் அதற்காகச் சாலையை விட்டு நகர்ந்துவிடவில்லை.

ஆனால் கட்டியவர்கள் நினைத்ததைவிடப் பெரிய வேலை அந்தக் கூடத்துக்கு வாய்த்தது. திருவிதாங்கூரில் சட்டமன்ற ஆலோசனைச் சபை 1888-இலேயே வந்துவிட்டது. அதில் எட்டே பேர். வி.பி. மாதவராவ் திவானாக இருந்த 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை அமைந்து, அக்டோபர் 22 அன்று இந்த ஹாலில் முதன்முதலாகக் கூடியது. 100 உறுப்பினர். தாலுக்காக்களிலிருந்து வந்த நிலவுடைமையாளரும் வசதி படைத்த வணிகரும்தான் பெரும்பாலோர். மறு ஆண்டு 77 பேர் தேர்ந்தெடுக்கப்படவும் 23 பேர் நியமிக்கப்படவும் ஏற்பாடாயிற்று. வாக்களிப்பதற்கும் வரி, வருமானம், பட்டம் ஆகியவையே தகுதி. சட்டம் இயற்றும் அதிகாரம் சபைக்குக் கிடையாது. குறையைச் சொல்லலாம், திவான் பதில் சொல்வார், அவ்வளவே. இருந்தும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று தமிழ்த் தாலுக்காக்களின் பிரதிநிதிகளும் வண்டி கட்டிக்கொண்டு இங்கேதான் வந்தார்கள். கரமனை கடந்து, சாலை வழியாக.

அந்தச் சபைக்கு 1911 டிசம்பரில் நியமனம் பெற்றவர் அய்யன்காளி. 1863-இல் வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர். 1912-இல் இந்தக் கூடத்தில் எழுந்து, தம் மக்களுக்குப் புதுவல் நிலம், அதாவது அரசின் தரிசு நிலம், வேண்டும் என்று பேசினார். பள்ளி அனுமதியைக் கேட்டுத் தொடர்ந்து பல ஆண்டுகள் பேசினார். அவர் ஹாலுக்குள் வந்த வழிதான் இக்கட்டுரைக்கு முக்கியம். 1893-இல் அவர் வில்வண்டி கட்டி, தம் சாதியார் நடக்கக்கூடாது என்றிருந்த பொதுவழியில் ஓட்டிப் போனார். அடிதடி நடந்தது, திருப்பி அடித்தார். நெடுமங்காட்டுச் சந்தைக்குள் நுழையும் உரிமைக்காகவும் மோதல் நடந்தது. முதலில் தெரு, அதற்குப் பிறகே சபை. சதுக்கம் எல்லோருக்கும் பொது என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திருவிதாங்கூரில் அதன் பெரும்பகுதி பலருக்கு மூடிக் கிடந்தது. கோயில் வாசல் அவர்களுக்குத் திறந்தது 1936 நவம்பர் 12 அன்றுதான். விக்டோரியாவின் பெயர் போய் அய்யன்காளியின் பெயர் வந்ததைச் சிலர் வெறும் அரசியல் என்கிறார்கள். எனக்கு அது பிந்தி வந்த நியாயமாகத்தான் படுகிறது. விக்டோரியா அந்தக் கூடத்தில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

தமிழர் விஷயத்துக்கு வருகிறேன். ஹாலுக்கு அருகிலிருக்கும் பல்கலைக்கழகக் கல்லூரி, முன்பு மகாராஜா கல்லூரி, ‘மனோன்மணீயம்’ எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த இடம். அந்த நாடகம் 1891-இல் வெளிவந்தது. ஹால் திறந்த மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்தார். பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். மேட்டில் இப்படிப் பேராசிரியர்கள். பள்ளத்தில், சாலையில், வியாபாரிகள். நாகர்கோவில், திருநெல்வேலி, செங்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கடை வைத்தன, பிள்ளைகளைச் சாலைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பின. 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறியது. தெற்குத் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதுவரை ஒரே அரசின் குடிகளாக இருந்த சரக்கு அனுப்புகிறவரும் சரக்கு வாங்குகிறவரும் இரண்டு மாநிலத்தார் ஆனார்கள். களியிக்காவிளையில் எல்லை, அமரவிளையில் வரிச் சோதனைச் சாவடி. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து சாவடி போகும்வரை வண்டி அங்கே நின்று சீட்டுக் காட்டிவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும். மண்டபத்தின் மொழி மலையாளமாக உறுதிப்பட்டது. சதுக்கத்தின் மொழி மாறவில்லை. வியாபாரம் மாற விடவில்லை.

இந்தத் தெருவைத் தமிழில் நிலைநிறுத்தியவர் ஆ. மாதவன். 1934-இல் பிறந்து, 2021-இல் மறைந்தார். சாலைத் தெருவிலேயே ‘செல்வி ஸ்டோர்ஸ்’ என்று பாத்திரக் கடை வைத்திருந்தார். அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’ பெயரிலேயே இடத்தைச் சொல்லிவிடும். ‘கிருஷ்ணப் பருந்து’, ‘புனலும் மணலும்’ நாவல்களும் இந்தச் சுற்றுவட்டத்தின் மனிதர்களையே எழுதுகின்றன. 2015-இல் சாகித்ய அகாதெமி விருது அவருடைய கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. கதைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. பிரஜா சபையின் நடவடிக்கைக் குறிப்புகளில் வராத ஆட்கள் அவருடைய பக்கங்களில் வருகிறார்கள்: சுமைகூலிகள், சில்லறைத் திருடர்கள், தெருவில் கிடக்கும் முதியவர்கள். பரிதாபம் காட்டுவதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. கல்லாவில் உட்கார்ந்து எதிரே பார்த்தவரின் எழுத்து அது. திருவனந்தபுரத்தை ஆராய்கிறவர் சபைக் குறிப்புகளுக்குச் சமமாக இந்தக் கதைகளையும் ஆவணமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

பழைய வண்டித்தடம் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணுக்குத் தெரியும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையில் இரவு தங்கி, களியிக்காவிளையில் இரு மாநிலக் காவலர் மரியாதையோடு எல்லை கடந்து, நெய்யாற்றங்கரையில் மறு இரவு தங்கி, கரமனை வழியே வந்து சேர்வார்கள். சரசுவதி கோட்டைக்குள், குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில், அதாவது கடைத்தெருவின் மடியிலேயே, நங்கை செந்திட்டையில். அரிசி வந்த வழியில்தான் சாமியும் வருகிறது. மாசியில் ஆற்றுக்கால் பொங்கலன்று இன்னொரு காட்சி. கோயில் சாலைக்குத் தெற்கே கூப்பிடு தூரம். 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு. அன்றைக்குக் கிழக்கே கோட்டை, சாலை, அட்டக்குளங்கரை எல்லாம் செங்கல் அடுப்பும் மண்பானையும்தான், வண்டிக்கு இடமில்லை. மறுநாள் மாநகராட்சி அந்தச் செங்கற்களைத் திரட்டி ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறது. 1877-இல் நகர மேம்பாட்டுக் குழுவாகத் தொடங்கி, 1920-இல் நகராட்சியாகி, 1940-இல் மாநகராட்சியான அந்த அமைப்பு, சதுக்கத்தோடு நேராகக் கைகோக்கும் நல்ல தருணம் இது.

அண்மை ஆண்டுகளில் சாலையைப் பாரம்பரியத் தெருவாகச் சீரமைக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன. ஓட்டுக்கூரை நிழலும் நடைபாதையும் வேண்டியவைதான். ஆனால் மழைக்காலத்தில் வடிகால் நிரம்பாமல் இருப்பதும், தீ பிடித்தால் வண்டி நுழையச் சந்தில் இடம் இருப்பதும், விடியற்காலையில் சரக்கு லாரிக்கு ஒதுங்க இடம் இருப்பதுமே கடைக்காரருக்கு முதல் தேவை. முகப்புக்கு வண்ணம் அடித்துவிட்டு இவற்றை விட்டுவிட்டால் தெரு படத்துக்குத்தான் நன்றாக இருக்கும். பாரம்பரியம் என்று இங்கே பாதுகாக்கத்தக்கது சுவரைவிட, இருநூறு ஆண்டுக்கும் மேலாக அறுபடாத கொடுக்கல் வாங்கல்தான்.

டவுன் ஹாலைப் பார்க்கப் போகிறவர் தெற்கிலிருந்து தொடங்குவது நல்லது. காலை ஏழு மணிக்குள் கிள்ளிப்பாலத்தில் இறங்கி, கடைத்தெரு நீளத்துக்கும் மேற்கே நடந்து கோட்டை வாயிலுக்கு வாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எம்.ஜி. ரோட்டில் வடக்கே ஏறினால் செயலகம், கல்லூரி, ஹால் மூன்றும் வரிசையாக வந்துவிடும். அதே நெடுவழி இன்னும் வடக்கே போய்க் கேசவதாசபுரத்தைத் தொடும். சந்தையைத் தெற்கே அமைத்தவரின் பெயர் நகரத்தின் வடக்கு முனையில் இருக்கிறது. அய்யன்காளி ஹால் அருங்காட்சியகம் அல்ல, நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடும் கூடம். புத்தக வெளியீடோ கண்காட்சியோ நடக்கும் நாளாகப் பார்த்துப் போனால் உள்ளே உட்கார்ந்தும் பார்க்கலாம்.